மோட்டார் பாய் வீட்டுக் கக்கூஸ்

உலகத்தில் எல்லோர் வீட்டுக் கக்கூஸும் கீழே இறங்கும். எங்கள் பழவேற்காட்டு மோட்டார் பாய் வீட்டில் மட்டும் மேலே ஏறும். எழுபதுகளின் கடைசி அது. தெருவுக்கு அப்போதுதான் கரண்ட் வந்திருந்தது. பனிக்காலைகளில் ஏரி எது, வானம் எது என்று தெரியாது. பூநாரைகள் கால் இல்லாமல் அந்தரத்தில் நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டே வலையை மறந்த நாட்கள் உண்டு. சரி, பாய்க்கு வருகிறேன்.

மெட்ராஸ் துறைமுகத்தில் கப்பல் மெக்கானிக்காக இருந்தவர். அவர் மனைவியை நாங்கள் பாயம்மா என்போம். முட்டிவலிக்காரர். விடிவதற்குள் ஒதுங்கிவர சவுக்குத்தோப்புவரை நடக்க முடியாமல், தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார். வீட்டில் குழி தோண்டினால் முழங்கால் ஆழத்திலேயே ஏரித் தண்ணீர் ஊறும். அதனால் பாய், கொல்லை மணல்மேட்டின்மேல் கக்கூஸ் தொட்டி கட்டினார். உடைத்த கப்பலிலிருந்து உட்காரும் பீங்கான் ஒன்றும் மோட்டாரும் வாங்கி வந்தார்.

"கீழ போறது எப்டி பாய் மேல ஏறும்?" என்று கேட்டேன்.

"பீங்கானுக்குப் பின்னால பொட்டி இருக்குதா? தண்ணி ஊத்துனா ரொம்பும். உள்ள மெதப்பு மேல வந்து சுவிட்ச தட்டும். மோட்டார் ஓடும். கத்தி சுத்தி எல்லாத்தயும் கூழாக்கி, இந்தச் சின்ன பைப்புல மேட்டுக்குத் தள்ளிடும். பொட்டி காலியானா தானா நின்னுடும். புரிஞ்சுதா நைனா?"

"கூழுன்னு சொல்லாத பாய். இப்பதான் குடிச்சிட்டு வரேன்."

ஓடியது. ஆனால் அந்தச் சத்தம்! காற்றில்லாத ஏரி அந்தக் 'கர்ர்' ஒலியை அப்படியே ஏந்திக்கொண்டு போகும். முதல் நாளே படகிலிருந்து ஒருத்தன் கத்தினான்: "டேய், பாயம்மா போய்ட்டாங்கடா!" படகெல்லாம் சிரித்தது. மறுநாள் பாயம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு மறுபடி தோப்புக்கு நடந்தார்.

பாய் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. அன்று முதல் மோட்டார் ஓயவில்லை. டீ கொதிக்கும்போது ஓடும். அவர் தொழுதுவிட்டு வந்ததும் ஓடும். மீன் கொடுக்கப் போனபோது பார்த்தேன்: மனிதர் வாளி வாளியாகத் தண்ணீரைப் பீங்கானில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னா பாய் இது?"

"நாள் பூரா ஓடுனா, யாரு போனாங்கன்னு எவனுக்குத் தெரியும்? வெளிய சொல்லிடாத."

நான் சொல்லவில்லை. பாயம்மா அப்புறம் தோப்புப் பக்கமே போகவில்லை. ஊர்தான் தானாக ஒரு முடிவுக்கு வந்தது: பாய்க்கு வயிறு போகிறது. டீக்கடையில் கேட்டே விட்டார்கள்.

"ஆமாம்பா, எனக்குத்தான். நிக்கவே மாட்டேங்குது" என்றார், வயிற்றைத் தடவிக்கொண்டு.

என் அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. மாதுளைத்தோலை இடித்துக் கஷாயம் வைத்து அவர் வாசலுக்கே கொண்டுபோனாள். "மூக்கப் புடிச்சிக்கினு ஒரே மடக்குல குடிச்சிடு பாய்."

கல்லைப் போட்டாலும் செரிக்கிற வயிறு அது. வாசலில் கூடிவிட்ட அத்தனை பேர் பார்க்க, கடைசிச் சொட்டுவரை குடித்தார். கதவுக்குப் பின்னால் பாயம்மா சிரிப்பை அடக்க முடியாமல் திணறுவது கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டே நின்ற பாயின் முகத்தைப் பார்த்தால், இன்னொரு குண்டான் கொடுத்தாலும் குடித்திருப்பார்.