த்ரோஃபிமின் கைப்பக்குவம்

"பீப்பாய் மூடியை நீதான் திறந்து வெச்சிருப்பே, வேற யாரு..."

"நான் எதுக்குடி திறக்கறேன்? அவரைப் படுக்க வெச்சிருந்தப்போ எனக்கு மூடிதான் ஞாபகம் இருந்துச்சா?"

"அப்போ எப்படிம்மா இது இப்படிப் புளிச்..."

"என்னைக் கேட்டா? வயித்துப்புண்ணுன்னு டாக்டர் சொன்னதிலேர்ந்து ஏழு வருஷமா ஒரு சொட்டு நாக்குல வெச்சிருக்கேனா நான்? உங்கப்பாவோட பீப்பாய். அவரைப் போய்க் கேளு!"

சொல்லிவிட்டு அக்லாயா வாயை மூடிக்கொண்டாள். நிலவறையில் இரண்டு பேரும் பீப்பாய்க்கு முன்னால் நின்றிருந்தார்கள். மகள் லிலியானாவின் கையிலிருந்த கிளாஸில் சிவப்பாக, பார்க்க அழகாக, சுத்தமான வினிகர் இருந்தது.

அப்பா த்ரோஃபிம் போய் மறுநாளோடு நாற்பது நாள். அடக்கத்துக்கு வந்தவர்கள் சமையலறையில் அவர் ஏற்கனவே பிடித்து வைத்திருந்த ஒயின் ஜாடிகளைக் காலி செய்துவிட்டுப் போனார்கள். பீப்பாயைத் திறந்தது இன்றுதான். எங்கள் மால்டோவாக் கிராமத்தில் நாற்பதாம் நாள் படையலுக்கு, போனவன் தன் கையால் போட்ட ஒயினைத்தான் ஊற்ற வேண்டும். அதுவும் தெருவிலேயே நல்ல ஒயின் என்று பேர் வாங்கியவன் வீட்டில் வினிகரை ஊற்றினால், அந்தப் பேரையும் சேர்த்துப் புதைத்த மாதிரிதான்.

"சூப்பர் மார்க்கெட்ல வாங்கிடலாம்மா."

"என்னது?"

"இத்தாலியில, படோவாவுல நான் வேலைக்கு இருந்து பார்த்துக்கற வயசான அம்மா பேராசிரியையா இருந்தவங்க. சூப்பர் மார்க்கெட்ல ரெண்டு யூரோ ஒயின்தான் வாங்குவாங்க. தினம் மத்தியானம் ஒரு கிளாஸ். கண்ணை மூடிக்கிட்டு அப்படி ரசிப்பாங்க."

"அந்தம்மா வீட்டுக்காரர் ஒயின் போடுவாரா?"

"பல் டாக்டர்."

"அப்போ வாங்கட்டும். என் வீட்டுக்காரர் பல்லா பிடுங்கினார்?"

ஆனாலும் சாயங்காலம் அக்லாயாதான் தலைத்துண்டை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு, நெடுஞ்சாலையோரக் கடைக்குப் போனாள். கல்லாவில் வெரோனிக்கா இருந்தாள்.

"சிவப்பு ஒயின் ஏதாவது... விலை கம்மியா, குடிச்சா தலை வலிக்காம. எனக்கில்ல, லிலியானாவுக்கு."

வெரோனிக்கா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மற்ற அலமாரிகளைத் திரும்பியும் பார்க்காமல் நேராகக் கடைசி வரிசைக்குப் போய், கீழ்த்தட்டிலிருந்து மூன்று லிட்டர் அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து வந்தாள்.

"இதை எடுத்துக்குங்க அத்தை. கொடுக்கற காசுக்கு மேலயே ருசி இருக்கும்."

"குறை சொல்ல மாட்டாங்களே?"

"மாட்டாங்க."

அக்லாயா மூன்று பெட்டி வாங்கினாள்.

வீட்டில் லிலியானா ஒரு கிளாஸ் ஊற்றிக் குடித்துப் பார்த்தாள். இன்னொரு கிளாஸும் ஊற்றிப் பார்த்தாள்.

"போதும்டி, படையலுக்கு வேணும்!"

"நல்லாருக்கும்மா. நெஜமாவே நல்லாருக்கு."

காலையில் ஜாடிகளில் ஊற்றிவைத்தால் வேலை முடிந்தது என்று இருவரும் நினைத்தார்கள். விடிந்ததும் பக்கத்து வீட்டு ஸ்பிரிதோன் கறுப்புக் கோட்டோடு வந்து நின்றார்.

"தங்கச்சி, பீப்பாயிலேர்ந்து நான்தான் பிடிப்பேன். முப்பது வருஷம் அவன்கூடக் குடிச்சவன். ஜாடியில எல்லாம் ஊத்தி வெச்சுடாதே. பூசை முடிஞ்சதும் வர்றேன்."

அவர் வாசல் தாண்டியதும் தாயும் மகளும் நிலவறைக்கு ஓடினார்கள். வினிகரை வாளி வாளியாகக் கோழிக்கூண்டுக்குப் பின்னால் கொட்டினார்கள். பீப்பாயை வெந்நீரில் கழுவினார்கள். பெட்டிகளை அதில் கவிழ்த்தார்கள். குழாயைத் திருகினால் ஒரு சொட்டு வரவில்லை. அவ்வளவு பெரிய பீப்பாய்க்கு ஒன்பது லிட்டர் அடியில் ஈரம் காட்டத்தான் போதுமாக இருந்தது. பின்பக்கம் செங்கல் வைத்துத் தூக்கினார்கள். வந்தது.

அதற்குள் முற்றம் முழுக்க வினிகர் நெடி. கோழிகள் கூண்டைவிட்டு வெளியேறி வேலிமேல் உட்கார்ந்துவிட்டன.

"என்ன தங்கச்சி வாசனை?" என்றார் திரும்பி வந்த ஸ்பிரிதோன்.

"முட்டைக்கோஸ் ஊறுகாய். ஜாடி உடைஞ்சிருச்சு."

"ஒரு ஜாடியா? இந்த நெடிக்கு ஒரு வண்டி முட்டைக்கோஸ் வேணுமே!"

"பெரிய ஜாடிண்ணா."

நிலவறையில் அவர் செங்கலைப் பார்த்தார். சாய்ந்த பீப்பாயைத் தட்டிப் பார்த்தார். காலி மேளம் மாதிரி சத்தம் வந்தது.

"அடக் கடவுளே, அடி வரைக்கும் குடிச்சுத் தீர்த்துட்டானே. இருக்கற முப்பது பேருக்கு ஆளுக்கு ரெண்டு கிளாஸ்கூட வராதே!"

லிலியானா மெல்ல நழுவிக் கடைக்குப் போன் செய்தாள். "வெரோனிக்கா அக்கா, இன்னும் ரெண்டு பெட்டி. பின்வாசல் வழியா. யார் கண்ணுலயும் படாம."

மேசையில் வேகவைத்த கோதுமை, ரொட்டி, மெழுகுவர்த்தி. எல்லார் கையிலும் ஒயின். கிளாஸை யாரும் மோதவில்லை, படையலில் மோதக்கூடாது. ஆளுக்கொரு சொட்டு அவருக்கென்று தரையில் விட்டார்கள். "ஆண்டவர் அவனை மன்னிக்கட்டும்" என்று குடித்தார்கள்.

அக்லாயா ஸ்பிரிதோனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் ஒயினை நாக்கில் உருட்டினார். கண்ணை மூடினார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது.

"த்ரோஃபிம்... வந்துட்டியாடா?"

"அதே ருசி" என்றார் எதிரே இருந்தவர்.

"கண்ணைக் கட்டிட்டுக் கொடுத்தாலும் சொல்லிடுவேன். அவன் கைப்பக்குவம் வேற எவனுக்கு வரும்?" என்றார் ஸ்பிரிதோன்.

அக்லாயாவுக்கு முதலில் மூச்சு வந்தது. பேர் தப்பித்தது. பிறகு, அடுத்த கிளாஸுக்கும் அதே பேச்சு, அதே கண்ணீர் என்று ஆனபோது, ஊற்றுவதை நிறுத்திவிட்டாள். இலையுதிர்காலம் தவறாமல் அந்த மனுஷன் கால் ஊதா நிறமாகும் வரை திராட்சை மிதித்தார். இவர்களுக்கு அதுவும் ஒன்று, அட்டைப்பெட்டியும் ஒன்றா?

ஃபாதர் சவா தாடியைத் துடைத்துக்கொண்டார். "அக்லாயா, வருஷா வருஷம் ஈஸ்டர் திருவிருந்துக்கு அவன் ஒரு ஜாடி கொடுப்பான். இந்தத் தடவையும் அவன் கையால போட்டதே இருக்கட்டும். மிச்சத்தைக் கோயிலுக்கு எடுத்து வெச்சிரும்மா."

லிலியானா அம்மாவைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"முடியாது ஃபாதர்" என்றாள் அக்லாயா.

"ஏம்மா?"

"இது அவர் போட்டதில்ல. கடை ஒயின்."

ஸ்பிரிதோன் எழுந்து வந்து அவள் தோளைத் தொட்டார்.

"பாவம், நாப்பது நாளாத் தூங்கியிருக்க மாட்டா. லிலியானா, அம்மாவை உள்ள கூட்டிட்டுப் போய்ப் படுக்க வைம்மா."

"எனக்கொண்ணும் பைத்தியம் இல்ல! அவரோடது வினிகராயிருச்சு. வெளியில நாறுதே, அதுதான்!"

"அது முட்டைக்கோஸ் தங்கச்சி. நீதானே சொன்னே?"

அக்லாயா அடுப்படிக்குப் போனாள். ரொட்டி அடுப்புக்குள் ஒளித்துவைத்திருந்த மூன்று காலிப் பெட்டிகளையும் இழுத்து வந்து, ஃபாதருக்கு முன்னால், கோதுமைக்குப் பக்கத்தில் வைத்தாள். பெட்டியில் சிரித்த முகத்தோடு ஒரு திராட்சைக் குலை இருந்தது. கீழே 'சலுகை விலை' என்று மஞ்சள் சீட்டு.

ஸ்பிரிதோனின் முகம் சுருங்கியது. "அது மகள் குடிச்சதா இருக்கும். என் நாக்கு தப்பாது. முப்பது வருஷம்..."

"முப்பது வருஷம்!" அக்லாயாவின் குரல் உடைந்தது. "நாப்பது நாள்ல மறந்துட்டீங்களே அண்ணா! ஒருத்தராவது, 'இது அவன் ஒயின் மாதிரி இல்லையே'ன்னு கிளாஸைக் கீழே வெப்பீங்கன்னு பார்த்தேன். நான் அவமானப்பட்டாலும் பரவாயில்லன்னு பார்த்தேன். இந்த வீட்டுல அவர் ருசி தெரிஞ்ச ஒரு ஆள் இல்லையா?"

கிளாஸ்கள் கைகளிலேயே நின்றன. லிலியானா அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். அக்லாயா மேசை ஓரத்தில் உட்கார்ந்து தலைத்துண்டில் முகத்தைப் புதைத்து அழுதாள். ஃபாதர் சவா பெட்டியைக் கையிலெடுத்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, அதில் எழுதியிருந்ததைப் படிக்க ஆரம்பித்தார்.

பின்வாசலில் வெரோனிக்கா, இரண்டு கையிலும் இரண்டு புதுப் பெட்டியோடு நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று யாருக்கும் தெரியவில்லை. பெட்டிகளைத் தரையில் வைத்தாள். போய்விடலாமா என்பது போலக் கதவைப் பார்த்தாள். பிறகு அக்லாயாவிடம் வந்து குனிந்தாள்.

"யாரும் மறக்கலை அத்தை. ஆறு வருஷமா த்ரோஃபிம் மாமா கடைக்குப் பின்பக்கமா வந்து, எங்கிட்ட வாங்கிட்டுப் போனது இதே பெட்டியைத்தான்."