வாத்தியத் தேர்வுக் குழுவின் அருந்தொண்டு

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியான மாபெரும் முடிவு, நான்காவது மாடி இடதுபக்க வீட்டின் கூடத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எடுக்கப்பட்டது. அதாவது, ஒத்திவைக்கப்பட்டது.

அந்த வீட்டின் ஒரே பெண் குழந்தை, செல்லப்பெயர் 'வாலு', தான் வயலின் கற்றுக்கொள்ள வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டாள். இப்படிப்பட்ட நெருக்கடிகளில் அந்தக் குடும்பம் கலங்குவதில்லை. அலுவலக மேலாளராக இருந்து ஓய்வு பெற்றும், நாற்காலியில் சாய்ந்து உட்காரப் பழகாத பெரியப்பா, உடனே 'வாத்தியத் தேர்வுக் குழு' ஒன்றை அமைத்தார். தலைவர் அவர். உறுப்பினர்கள் அவருடைய தம்பியும் தம்பி மனைவியும், அதாவது வாலுவைப் பெற்றவர்கள். வாசிக்கப்போகிறவள் என்பதால் வாலுவுக்குக் குழுவில் இடமில்லை. சொந்த விருப்பம் கலந்துவிடுமே!

"வயலின் வேண்டாம்," என்று தொடங்கினார் பெரியப்பா. "கழுத்தைச் சாய்க்கணும். நம்ம பரம்பரையில யாரும் யாருக்கும் கழுத்தைச் சாய்ச்சதில்ல."

"அப்ப புல்லாங்குழல்?" என்றார் தம்பி.

"ஊதும்போது முகத்தைப் பார்த்திருக்கியா? சூடான பாலை ஆத்துற மாதிரி இருக்கும்."

"கிதார்?"

"முடி வளர்ந்துடும்."

"அவ பொண்ணுண்ணே. முடி ஏற்கெனவே இருக்கு."

"இன்னும் வளரும்."

"பியானோ?"

"மாடிப்படியில திரும்பாது. பாதி வழியில மாட்டிக்கிட்டா, ஊரே நம்ம பியானோவைத் தாண்டித் தாண்டிப் போகும். மானம் என்ன ஆகுறது?"

"மேளம்..."

பெரியப்பா தம்பியை ஒரு பார்வை பார்த்தார். தம்பி அந்தச் சொல்லைத் தாமாகவே விழுங்கிக்கொண்டார்.

உண்மையான தடை இதெல்லாம் இல்லை. அந்தக் குடும்பத்தார் எதையும் கற்றுக்கொள்வதை வெளியார் கண்டதே கிடையாது. அது அவர்களுடைய பெருமை. பெரியப்பா சைக்கிள் பழகியது, தம்மை ஒருவருக்கும் தெரியாத வெளியூரில். தம்பி நீச்சலைப் புத்தகத்திலேயே படித்துத் தேர்ந்தவர். ஆகவே தண்ணீர்ப் பக்கம் போவதில்லை.

"வாசிக்கட்டும், நான் என்ன வேண்டாம்னா சொல்றேன்?" என்றார் பெரியப்பா, பெருந்தன்மையோடு. "ஆனா நம்ம வீட்டுப் பொண்ணு தப்பா வாசிக்கிறது அடுத்தவங்க காதுல விழக் கூடாது. முதல்ல நல்லா வாசிக்கப் பழகட்டும். அப்புறமா வாத்தியம் வாங்கலாம்."

எவருக்கும் கேட்காத வாத்தியம் எது என்று ஆராய்வதற்காகக் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. கதவோரம் நின்றிருந்த வாலுவின் கீழுதடு துடித்தது. அதைக் கவனித்தவள் அம்மா ஒருத்திதான்.

மறுநாள் முதல் வாலு மாலைதோறும் பக்கத்து வீட்டுப் பல் டாக்டரம்மாவிடம் கணக்குப் படிக்கப் போனாள்.

"கணக்குல கொஞ்சம் மட்டம், மாமா," என்றாள் அம்மா.

"தாராளமாப் போகட்டும். கணக்கு சத்தம் போடாது."

அந்த வாரமே சுவருக்கு அப்பாலிருந்து ஒரு சத்தம் எழுந்தது. எண்ணெய் காணாத கதவு ஒன்று தன் கஷ்டத்தைச் சொல்லி அழுவதுபோல் இருந்தது.

"டாக்டரம்மா வீட்டுலயே பல் பிடுங்குறாங்களா?" என்றார் தம்பி.

"அந்தம்மாவுக்கு வயலினும் தெரியும். யாருக்கோ சொல்லித் தராங்க," என்று பெரியப்பா கைத்தடியை எடுத்தார். கோபத்திலும் ஒழுங்கு தவறாதவர் அவர். சுவரில் நான்கு தட்டு, ஒரு நிறுத்தம். மறுபடியும் நான்கு தட்டு, ஒரு நிறுத்தம். சத்தம் ஓயும்வரை தட்டினார். மறுநாளும் தட்டினார். அது அன்றாடக் கடமையாயிற்று.

"எந்த வீட்டுப் பிள்ளையோ! பெத்தவங்களுக்கு வெட்கம் வேண்டாம்?" என்றார் சாப்பிடும்போது.

"வேணும்தான், மாமா," என்றாள் தம்பி மனைவி, தலை நிமிராமல் பரிமாறிக்கொண்டே.

மாதங்கள் போகப் போகக் கதவின் அழுகை தேய்ந்து, பாட்டுப்போல ஏதோ ஒன்று கேட்கத் தொடங்கியது. "பார்த்தியா? தட்டத் தட்டத் திருந்துறாங்க," என்று பெரியப்பா தட்டுவதைத் தொடர்ந்தார். பாதியில் விட்டால் கௌரவம் என்ன ஆவது?

குடியிருப்போர் சங்க ஆண்டுவிழா வந்தது. சங்கத் தலைவர் என்ற முறையில் பெரியப்பா முதல் வரிசையின் நடுநாயகமாக வீற்றிருந்தார். டாக்டரம்மா மைக்கைப் பிடித்து, "அடுத்ததா என் மாணவி," என்றார். வயலினோடு மேடையேறினாள் வாலு. பரம்பரைக் கழுத்து பகிரங்கமாகச் சாய்ந்தது.

பெரியப்பாவுக்கு மூச்சு நின்றது. வாலுவுக்கு வில் நின்றது. தந்தியில் வைத்த வில்லை அவளால் இழுக்க முடியவில்லை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அம்மா முந்தானையைக் கசக்கினாள்.

"தட்டுற சத்தம் இல்லாம எனக்கு வரல, டாக்டரம்மா," என்று வாலு முணுமுணுத்ததை மைக் ஊருக்கே சொன்னது. பிறகு அவள் முதல் வரிசையைப் பார்த்தாள். "பெரியப்பா, சுவத்துல தட்டுவீங்களே, அதே மாதிரி கொஞ்சம் தட்டுறீங்களா?"

சபை மொத்தமும் திரும்பியது.

"அது நீங்கதானா, சார்?" என்று கூவினார் சங்கச் செயலாளர். "யாரோ மாசக்கணக்கா ஆணி அடிக்கிறாங்கன்னுல்ல நாங்க கீழ் வீட்டுல பேசிக்கிட்டிருந்தோம்!"

பெரியப்பா எழுந்தார். முதுகு நிமிர்ந்தே இருந்தது. காது மட்டும் சிவந்திருந்தது. கைத்தடியால் தரையில் நான்கு தட்டு தட்டி நிறுத்தினார். மறுபடியும் நான்கு. வில் அசைந்தது. வாலு வாசித்தாள். இரண்டு இடங்களில் தப்பாகவே வாசித்தாள், எல்லோர் காதிலும் விழ. அப்படியும் கைதட்டல் ஓயவில்லை.

"குழந்தைக்கு வீட்டுல நல்ல ஆதரவு போலிருக்கு!" என்று செயலாளர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"பின்னே? இதுக்குன்னே குழு போட்டவங்க நாங்க," என்றார் பெரியப்பா.

பொய்யில்லை. அந்தக் குடும்பம் சங்கீதத்துக்கு ஆற்றிய தொண்டு மகத்தானது. 'நிறுத்து, நிறுத்து' என்று அது ஒருநாள் தவறாமல் தட்டிக்கொண்டே இருந்தது. அந்தக் குழந்தைதான் அதைத் தாளம் என்று எடுத்துக்கொண்டது.