நேரம் தப்பிய யாளி

ஒரகடம்,
திங்கட்கிழமை.

ரேஷன் கடையில் நாள் முழுக்க நின்றும் பொறுமை குன்றாத அத்தான் கோமதிநாயகம் அவர்களுக்கு, மச்சினன் சக்திகுமார் வணங்கி எழுதுவது. இங்கே கம்பெனி, கொசு, நான் மூவரும் சௌக்கியம். அங்கே தாங்களும் அக்காளும் மருமகள் தங்கமாரியும் அதைவிடச் சௌக்கியமாக இருக்க வேண்டும். போனில் சொல்ல வேண்டிய சேதிதான். போனை அக்காள் பிடுங்கிவிடுவாள் என்பதால் கடை முகவரிக்குக் கடிதமாக எழுதுகிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை தங்கமாரிக்குக் காது குத்தும்போது, மடியில் வைத்துக்கொள்ள அவளுடைய ஒரே தாய்மாமன் வர முடியாது. காரணம் ஒரு யாளி.

எங்கள் லைனில் ஆள் குறைவு, ஞாயிறும் வேலை உண்டு. நானும் ரூம்மேட் சுடலையும் அதே சனி, ஞாயிறுக்கு லீவு கேட்டோம். அவனுக்குக் கூட்டாளி கல்யாணம். சூப்பர்வைசர் டில்லிபாபு, "ரெண்டு பேரும் பூட்டா லைன யாரு ஓட்றது? ஒருத்தருக்குத்தான் லீவு. யாருன்னு உங்களுக்குள்ள பேசிகினு வாங்க" என்று சொல்லிவிட்டார். பேசினால் சண்டை வரும் என்று, ரூமில் இன்னொருவனான பிச்சையா வைத்திருக்கும் மாயாஜாலச் சீட்டு விளையாட்டில் தீர்த்துக்கொள்ள முடிவாயிற்று. ரம்மி என்று நினைத்துவிடாதீர்கள், இதில் காசு கிடையாது. பாம்பு, பூதம், மந்திரவாதி என்று ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு சக்தி உண்டு, அந்தச் சக்தியை விடுவதற்கு ஒரு நேரமும் உண்டு, சீட்டின் பெயரை வாய்விட்டுச் சொன்னால் சக்தி புறப்பட்டதாக அர்த்தம். என் கையில் வெண்கல யாளி. எதிரி "தாக்குகிறேன்" என்று சொன்ன பிறகு அதன் பெயரைச் சொன்னால், அவன் அடி அவனுக்கே திரும்பும்.

சுடலையிடம் அக்கினிப் பாம்பு இருப்பது எனக்குத் தெரியும். அவன் வாயைத் திறக்கட்டும் என்று காத்திருந்தேன். அவன் சீட்டைத் தொட்டான். எனக்கோ நாலு வருஷப் பழக்கம். கம்பெனியில் எந்தப் பார்ட்டை எடுத்தாலும் முதலில் விரலை நீட்டி, அதன் பெயரை உரக்கச் சொல்லி, "ஓகே" என்ற பிறகுதான் கை வைக்க வேண்டும். விரல் தானாக நீண்டது. "வெண்கல யாளி, ஓகே" என்று ரூம் அதிரச் சொல்லிவிட்டேன்.

"சொல்லிட்டேல்லா, அப்பம் யாளி போச்சுலே" என்றான் நடுவராக இருந்த பிச்சையா.

"அவன் இன்னும் அடிக்கவே இல்லையே" என்றேன்.

"அதுக்கு நான் என்ன செய்ய? நீ ஏன் வாயத் தொறந்த?"

சுடலை சாவகாசமாகப் பாம்பை இறக்கினான். நான் காலி. சரியாக விளையாடத் தெரியாமல் தோற்றிருந்தால்கூட மனசு ஆறும், அத்தான். வேலையை ஒழுங்காகக் கற்றுக்கொண்டதால் தோற்றேன். பிள்ளைக்கு வாங்கி வைத்த கம்மலைப் பெட்டியில் பார்க்கும்போது உள்ளபடியே அழுகை வருகிறது.

பெரியப்பா மகன் மோகன் மடியில் உட்கார வையுங்கள். ரத்தத்தைக் கண்டால் அவனுக்கு மயக்கம் வரும், பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். அக்காளிடம் தாங்களே பக்குவமாகச் சொல்லி, இரண்டு நாளைக்கு அவள் எனக்குப் போன் பண்ணாமல் பார்த்துக்கொள்ளவும். பிள்ளைக்கு என் ஆசியும் உங்கள் இருவருக்கும் என் வணக்கமும்.

இப்படிக்கு,
விரலை அடக்கத் தெரியாத
சக்திகுமார்

பி.கு.: இன்று வெள்ளிக்கிழமை. தபாலில் சேர்க்க மனம் வராமல் நாலு நாள் இது என் பையிலேயே கிடந்தது. நேற்று பிச்சையா விதித்தாளை எடுத்தபோது, சால்னா பட்டு ஒட்டியிருந்த இரண்டு பக்கங்கள் பிரிந்தன. உள்ளே, "உரிய நேரத்துக்கு முன் சொன்ன சக்தி சொன்னதாகாது, சீட்டு கைக்குத் திரும்பும்" என்று இருக்கிறது. யாளி திரும்பி வந்தது. விட்ட இடத்திலிருந்து ஆடினோம். சுடலையிடம் பாம்பைத் தவிர வேறு சீட்டு இல்லை. அவன் "தாக்குதேன்" என்று சொல்லும்வரை விரலைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். லீவு எனக்கு. கல்யாணத்துக்கு எடுத்த புதுச் சட்டையைக்கூட, "நீயே போட்டுட்டுப் போ" என்று சுடலை கொடுத்துவிட்டான். தபால்தலை ஒட்டியாயிற்றே என்று இதைப் பெட்டியில் போட்டுவிட்டு பஸ் ஏறுகிறேன். நான் வந்த பிறகுதான் இது வரும். நேரம் தப்பி வருவதால் இதில் உள்ள எதுவும் சொன்னதாகாது. அக்காள் கையில் மட்டும் சிக்கவிடாதீர்கள். அவள் தாக்குவதற்கு இன்ன நேரம் என்று எந்தத் தாளிலும் விதி இல்லை.