பெரியவனுக்கு மனக்கவலை

பூட்டுக்காரர் முதல் படியில் கால் வைத்ததுமே மாடியில் ஊளை கிளம்பிவிட்டது. இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்து கலகலக்க மேலே ஏறப் போனவரைக் கீழ்வீட்டு வாசலில் நின்ற வீட்டுக்கார அம்மா மறித்தார்.

"கேக்குதா?"

"கேக்குதும்மா."

"எனக்கும் கேக்குது. உங்க சம்சாரம் ஞாயித்துக்கிழமை வர்றாங்கல்ல? அதுக்குள்ள இது நிக்கணும். இல்லைன்னா நாய் போகணும். நாய் போகலைன்னா நீங்க போகணும்."

பூட்டுக்காரர் தலையாட்டிவிட்டு மேலே ஏறினார். மகள் பிரசவத்துக்குப் போயிருக்கும் மனைவி, நாயைப் பெரியவன் என்றும் பூனையைச் சின்னவள் என்றும்தான் கூப்பிடுவாள். பெற்ற மகளே மூன்றாவதுதான். புருஷன் வரிசையிலேயே கிடையாது. கிளம்பும்போது ஒன்றே ஒன்று சொன்னாள்: "நான் திரும்பி வரும்போது ரெண்டும் வீட்டுல இருக்கணும். இல்லைன்னா வந்த வண்டியிலேயே போயிடுவேன்." சொன்னால் செய்கிறவள்.

கதவைத் திறந்தார். பெரியவன் கடைசியாக ஒரு ஊளை விட்டுவிட்டு மேசைக்கடியில் போய்ச் சுருண்டான். சின்னவள் அலமாரி உச்சியில் இருந்தாள்.

"நாள் பூரா கத்துறியே, உனக்குத் தொண்டையே கட்டாதாடா?"

சன்னலுக்கு வெளியே யாரோ கனைத்தார்கள். எதிர்க் கட்டடத்துக்குச் சுண்ணாம்பு நிறத்தில் பெயின்ட் அடிக்கிறார்கள். சாரத்தின் மேல் நின்ற பெயின்டர், பிரஷ்ஷைத் தூக்கிக் காட்டிச் சிரித்தான்.

"ஐயா, அந்த நாய் விஷயமா ஒண்ணு..."

"உனக்குக் கூலி சுவத்துக்கா, என் வீட்டுக்கா?"

சன்னல் கண்ணாடியைப் படாரென்று சாத்தினார். ஒரு வீட்டை இரண்டு தடவை பார்க்கிறவன் திருடன். இது அவருடைய தொழில் அவருக்குக் கற்றுக் கொடுத்தது.

மறுநாள் கடைக்குப் போகாமல் மிருக டாக்டரிடம் போனார். டாக்டர் சின்னப் பெண். பெரியவனின் காதை நீவிக்கொண்டே கேட்டாள்.

"சார், நீங்க கிளம்பும்போது இது என்ன பண்ணும்?"

"வாசல் வரைக்கும் வரும். வாலை ஆட்டும்."

"பாவம். போகாதீங்கன்னு கெஞ்சுது. பூனை?"

"சன்னல்ல ஏறி உக்காந்துக்கும். நான் தெருமுனை திரும்புற வரைக்கும் பாத்துக்கிட்டே இருக்கும்."

"ரெண்டுக்குமே மனக்கவலை சார். உங்களைப் பிரிஞ்சு இருக்க முடியல."

மனக்கவலையாம். மனிதனுக்கு வந்தால் போய் வேலையைப் பார் என்கிறார்கள். நாய்க்கு வந்தால் காதை நீவுகிறார்கள். இப்படியெல்லாம் நினைத்தாலும், தன்னைப் பிரிய மனமில்லாத ஜீவன்கள் இந்த உலகத்தில் இருக்கின்றன என்று பூட்டுக்காரர் கேள்விப்படுவது இதுதான் முதல் தடவை. வீடு திரும்பும்போது கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தார்.

டாக்டர் சொன்னபடி, போட்டுக் கழற்றிய சட்டையை நாயின் படுக்கையில் விரித்துவிட்டுக் கடைக்குப் போனார். வாசனை இருந்தால் ஆள் இருக்கிற மாதிரி தைரியம் வருமாம். திரும்பி வந்தபோது ஊளை அப்படியேதான் இருந்தது. சட்டையைக் காணோம்.

"இதைத்தானே தேடுறீங்க?" வீட்டுக்கார அம்மா அதை ஒரு குச்சியில் தூக்கிப் பிடித்திருந்தார். "பால்கனியிலேருந்து என் தலையில விழுந்துச்சு. பூனை மூத்திர நாத்தம் வேற!"

அடுத்து ரேடியோ. பேச்சுக் குரல் ஓடிக்கொண்டே இருந்தால் துணையாக இருக்குமாம். சாயங்காலம் படியில் கால் வைத்தார். ஊளையும் கேட்டது, ரேடியோவும் கேட்டது.

"இதுவரைக்கும் ஒருத்தன்தான் கத்திக்கிட்டிருந்தான்" என்றார் வீட்டுக்கார அம்மா.

பூட்டுக்காரர் டாக்டருக்குப் போன் போட்டுக் கத்தினார். அவள் பதறவே இல்லை.

"சாவியை எடுத்தாலே நீங்க போறீங்கன்னு அதுக்குப் புரிஞ்சிடுது சார். அந்தப் பயத்தைப் போக்கணும். சும்மா இருக்கும்போதும் சாவியை ஆட்டுங்க. வெளிய போங்க, உடனே திரும்பி வாங்க. மறுபடி போங்க, மறுபடி வாங்க. பழகிடும்."

மற்றவர்களிடம் ஒரு சாவியோ இரண்டு சாவியோ இருக்கும். இவர் கடையில் மாட்டியிருந்த மாதிரிச் சாவிகள் அத்தனையையும் ஒரு கம்பி வளையத்தில் கோத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். சமைக்கும்போது ஆட்டினார். பல் தேய்க்கும்போது ஆட்டினார். பெரியவன் கட்டிலுக்கடியில் புகுந்தான். சின்னவள் திரைச்சீலையைப் பற்றி ஏறி, திரைச்சீலையோடு கீழே வந்தாள்.

பிறகு பழக்க ஆரம்பித்தார். கதவைப் பூட்டி, இறங்கி, தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தார். ஊளை. மறுபடி போனார், வந்தார். மறுபடி ஊளை. முன்பெல்லாம் சாயங்காலம் மட்டும் அவர் காதில் விழுந்தது, இப்போது அவர் வந்துபோகும் ஒவ்வொரு தடவையும் கேட்டது. வேர்த்துக் கொட்டியது. மூட்டு வலித்தது.

தெருவில் வாளி கழுவிக்கொண்டிருந்த பெயின்டர் எழுந்தான். "ஐயா, தயவு பண்ணி நான் சொல்றதை..."

"சுவத்தைப் பாருடா!"

ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. ரயில் வருவதற்குள் கடைசியாக ஒரு தடவை பழக்கிப் பார்க்கலாம் என்று தெருமுனை வரை போய்விட்டு, வளையம் குலுங்கக் குலுங்க வந்து படியில் கால் வைத்தார். இதுவரை கேட்டிராத ஊளை. பக்கத்துத் தெரு நாய்கள்கூடப் பதில் சொல்லின.

பின்னால் ஆட்டோ வந்து நின்றது. மனைவி இறங்கினாள்.

"ஐயோ, என் பெரியவன்! என்னங்க பண்ணீங்க அவனை?"

"நான் என்னடி பண்ணேன்? என்னை விட்டுட்டு அதால இருக்க முடியல. டாக்டரே சொல்லிட்டாங்க. நான் வாசலைத் தாண்டினா அழ ஆரம்பிச்சிடுது."

"உங்களை விட்டுட்டா?" மனைவி நம்பாமல் பார்த்தாள்.

வீட்டுக்கார அம்மா வெளியே வந்தார். "அவ்வளவு பாசம்னா ரெண்டு பேரும் சேர்ந்தே கிளம்புங்க. இன்னைக்கே வீட்டைக் காலி பண்ணுங்க."

"ஒரு வாயில்லா ஜீவனோட பாசத்துக்கு இதுதான் மரியாதையாம்மா?" பூட்டுக்காரருக்கு ஆத்திரம் பொங்கியது. சாட்சிக்கு ஆள் தேடினார். ஞாயிற்றுக்கிழமையும் சாரத்தில் நின்றிருந்த பெயின்டர் கண்ணில் பட்டான். "ஏய் பெயின்டர், இறங்கி வா! தினமும் எங்க சன்னலுக்கு நேராத்தானே நிக்கிறே? நான் இல்லாதப்ப இந்த ரெண்டும் என்ன பாடு படுதுன்னு இவங்களுக்குச் சொல்லுப்பா. நல்லா சொல்லு!"

பெயின்டர் இறங்கி வந்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டான்.

"அதைத்தான் ஐயா நானும் சொல்ல வந்தேன். நீங்க போனதும் ரெண்டும் உங்க கட்டில்ல ஏறி ஒண்ணு மேல ஒண்ணு காலைப் போட்டுக்கிட்டு நிம்மதியா தூங்குதுங்க. படியில உங்க சாவிச் சத்தம் கேட்டாத்தான் நாய் எந்திரிச்சு அழவே ஆரம்பிக்குது."