மாப்பிள்ளையின் முயலும் என் வீட்டு மூலைகளும்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நான், உங்கள் அத்தை, உங்கள் மனைவி மூவரும் உயிரோடு இருக்கிறோம். உங்கள் முயல் எங்கள் மூவரையும்விட நன்றாகவே இருக்கிறது. அங்கே தாங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பது முறை. கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

தங்களோடு இனி இருக்க முடியாது என்று என் மகள் ஒரு பெட்டியோடும் ஒரு கூண்டோடும் வந்து இறங்கியபோது, பெட்டி ஏன் இவ்வளவு இலேசாக இருக்கிறது என்றுதான் கேட்டேனே தவிர, கூண்டைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை. "அது ஒண்ணும் தொந்தரவு பண்ணாதுப்பா. அதுக்குன்னு வெச்ச ட்ரேயிலதான் போகும்" என்றாள். அன்று மாலையே அது என் சாய்வு நாற்காலியில் போனது. நான் ஊரார் வீட்டுக் கழிப்பறைகளுக்கெல்லாம் குழாய் பதித்தே தலை நரைத்தவன் என்பது தங்களுக்குத் தெரியும். எங்கே போக வேண்டும் என்பதை ஒரு சின்ன உயிருக்குப் புரியவைக்க முடியாமல் திண்டாடுவேன் என்று கனவிலும் நினைக்கவில்லை. ட்ரேயில் காகிதம் கிழித்துப் போட்டேன், காகிதத்தைத் தின்றது. மரத்தூள் போட்டேன், அதில் சுகமாகப் படுத்துத் தூங்கிவிட்டு, எழுந்து வந்து என் போர்வையில் வேலையை முடித்தது. ட்ரே ஓரத்தில் புல் வைத்தால் தின்றுகொண்டே போய்விடும் என்று மகள் சொன்னாள். தின்றது, முகத்தைத் துடைத்துக்கொண்டது, நிதானமாக நடந்து உங்கள் அத்தையின் தையல் மெஷினுக்கு அடியில் போய் உட்கார்ந்தது. ட்ரேயை அந்த மூலைக்குக் கொண்டுபோனால், அது வேறு மூலைக்குப் போனது. இந்த வீட்டில் இத்தனை மூலைகள் இருப்பது கட்டிய கொத்தனாருக்கே தெரிந்திருக்காது. ட்ரேயை ஏந்திக்கொண்டு நான் அதன் பின்னால் அலைவதை ஜன்னல் வழியாகப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், "என்ன சார், யாருக்குப் பரிமாறுறீங்க?" என்று கேட்கிறார்.

பொறுமை போய் ஒருநாள் கத்திவிட்டேன். முயல் அலமாரிக்கு அடியில் ஓடி ஒளிந்தது. அதோடு போகவில்லை மாப்பிள்ளை. அடுக்களையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த என் மகளும் கையிலிருந்ததை அப்படியே போட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றாள். நான் திட்டியது முயலை. அது அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு தரையில் படுத்து, அலமாரிக்கு அடியில் கையை நீட்டிக்கொண்டே சொன்னாள்: "அதட்டினா வராதுப்பா. அங்க அவருதான் பழக்கினாரு. வேலை முடிஞ்சு வந்ததும் பக்கத்துலயே உட்கார்ந்திருப்பாரு. தப்பான இடத்துல போயிட்டாகூட ஒரு வார்த்தை சொல்லமாட்டாரு. சிரிச்சுக்கிட்டே துடைப்பாரு."

ஒரு வேளைச் சாப்பாட்டில் உப்பு தூக்கலாகிவிட்டது என்று என் மகளிடம் மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாதவர் தாங்கள். சாவியைத் தொலைத்தாள் என்று மழையில் வாசலிலேயே நிற்கவைத்தவர் தாங்கள். தங்களுக்குப் பொறுமையே கிடையாது என்று இத்தனை நாள் நினைத்தது என் தவறு. இருந்திருக்கிறது. மூட்டை மூட்டையாக இருந்திருக்கிறது. ஒரு பிடிகூட மிச்சம் வைக்காமல் முயலுக்கே அளந்துவிட்டீர்கள்.

ஆகவே வரும் ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து தங்கள் செல்லத்தைத் தூக்கிக்கொண்டு போகவும். தண்ணீர் கொடுப்போம். உட்காரச் சொல்ல மாட்டோம். உட்கார்கிற இடம் எதுவும் இங்கே காய்ந்த நிலையில் இல்லை.

தாங்கள் எல்லா வளமும் பெற்று நீண்ட நாள் வாழ வேண்டும், எங்கள் வீட்டிலிருந்து நல்ல தூரத்தில்.

இப்படிக்கு,
இன்றைய தேதிவரை தங்கள் மாமனார்

பி.கு.: இதை உறையில் போடுவதற்குள் மகளுக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை கிடைத்து, அவள் பெண்கள் விடுதிக்குக் குடிபோய்விட்டாள். விடுதியில் முயலைச் சேர்க்க மாட்டார்களாம். "இங்கயே இருக்கட்டும்பா. உங்களுக்கும் அம்மாவுக்கும் பேசிக்க ஏதாவது வேணும்ல?" என்று சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்து வெகுநாள் ஆகியிருந்ததால் நான் மறுத்துப் பேசவில்லை. ஆகவே ஞாயிறன்று தாங்கள் வர வேண்டாம். எந்த ஞாயிறும் வர வேண்டாம். அதை எப்படிப் பழக்கினீர்கள் என்பதை மட்டும் விவரமாக எழுதி அனுப்பவும். அவசரம்.