பம்பைப் பற்றி எனக்குத் தெரியாததா?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே அனைவரும் நலம், என் கடைவாய்ப் பல் ஒன்றைத் தவிர. அது நேற்றுப் போய்ச் சேர்ந்தது.

என் மகள் போனில் உங்களிடம் அழுதாளாமே, கவலையை விடுங்கள். பல் பிடுங்கும்போது மரத்துப்போக ஊசி போடுகிறார்களே, அந்த மருந்தில்தானே அவளுடைய ஆராய்ச்சி? "செல்லோட சவ்வுல கால்சியத்தை வெளியே தள்ற பம்ப் இருக்குப்பா. மருந்து அதை மந்தமாக்குதுன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள காட்டணும். இல்லேன்னா தலைப்பையே மாத்தணுமாம்" என்றாள். முப்பத்தோரு வருடம் குடிநீர் நிலையத்தில் பம்பு ஓட்டியவனிடம் பம்பைப் பற்றிப் பேச்சு!

பல்லைப் பிடுங்கிய கையோடு அவள் ஆய்வகத்துக்கே போனேன். என்னை உட்காரவைத்துவிட்டு வகுப்பெடுக்கப் போனாள். சும்மா உட்கார எனக்கு என்றைக்குத் தெரிந்தது? அடுக்கிவைத்திருந்த சோதனைக்குழாய்களில் தூசி தெரிந்த மாதிரி இருந்தது, அங்கே குழாயில் வந்த நம் நிலையத்துத் தண்ணீரில் பளிச்சென்று அலசிவைத்தேன். வந்தவளிடம் சொல்லலாமென்றால் உதடு எங்கே, நாக்கு எங்கே என்று எனக்கே தெரியவில்லை. "பேசாதீங்கப்பா, போய்ப் படுங்க" என்று டாக்சியில் ஏற்றிவிட்டாள். அதோடு நானும் அதை மறந்தே போனேன்.

இன்று பார்த்தால், மருந்து போட்டும் வெளியே கால்சியம் குறையாமல் கூடியிருக்கிறதாம். "ரெண்டு வருஷ உழைப்பு போச்சுப்பா" என்கிறாள். அசடு! மருந்து பம்பை முடுக்கிவிடுகிறது என்றல்லவா இதற்கு அர்த்தம்? உலகமே மூக்கில் விரல் வைக்கப்போகிறது. பேராசிரியருக்கு நானே நாலு பக்கம் எழுதிவைத்திருக்கிறேன்.

நீங்கள் இருவரும் பேரும் புகழுமாய் நீடூழி வாழ வாழ்த்தும்,
மாமனார்

பின்குறிப்பு: மேலே உள்ளதைப் படிக்க வேண்டாம். உறையை ஒட்டுவதற்குள் மகள் வந்துவிட்டாள். எதுவுமே போடாமல் வெறும் சுத்தநீர் ஊற்றிய குழாயிலும் கால்சியம் காட்டியதாம். "எதையாவது தொட்டீங்களாப்பா?" என்றாள். நாக்கு இப்போது நன்றாக வேலை செய்ததால் தப்பிக்க வழியில்லை, அலசியதைச் சொல்லிவிட்டேன். வெந்நீர் கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதிலும் கால்சியம்தானாம். முப்பத்தோரு வருடம் ஊருக்கே அதைத்தான் அனுப்பியிருக்கிறேன். முதுகு பிடித்துக்கொண்டதால் கடைசி ஆறு குழாய்களை மட்டும் அலசவில்லை என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டைப் புரட்டினாள். அந்த ஆறிலும் பம்பு அவள் சொன்னபடியே மந்தம்! எனக்கும் கண் கலங்கிவிட்டது, மாப்பிள்ளை. நாளைக்கே மிச்சத்தைத் திரும்பச் செய்யப்போகிறாள். வாசலில் நின்று, "வெள்ளிக்கிழமை வரைக்கும் உங்க ரெண்டு கைக்கும் அந்த ஊசியைப் போட்டுவிடட்டுமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். பேராசிரியருக்கு எழுதியதைக் கிழித்துவிட்டேன். இதை முடித்ததும் கையைக் கட்டிக்கொண்டு உட்காரப்போகிறேன்.