காபன் சைக்கிளும் அரை மூட்டை அரிசியும்

அடுத்த வீட்டுப் பொருளைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. வேலியைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டிவிட்டால் பாதிப் பொறாமை போய்விடும். எனக்கு அந்த வசதி வாய்க்கவில்லை. நான் பொறாமைப்பட வேண்டிய பொருள் எங்கள் வீட்டு விறாந்தையில், நான் படுக்கிற பாய்க்கு மூன்றடி தள்ளி நின்றது. அதன் சொந்தக்காரனும் எங்கள் வீட்டிலேயே இருந்தான். போதாததற்கு அவன் நல்லவன். கெட்டவனாக இருந்திருந்தால் வெறுத்துவிட்டு நிம்மதியாகப் படுத்திருப்பேன்.

யுத்தநிறுத்தம் வந்து, யாழ்ப்பாணம் போகிற பாதை திறந்து, வெடிச்சத்தம் ஓய்ந்திருந்த காலம் அது. கிளிநொச்சிக்குப் பக்கத்தில் வட்டக்கச்சியில் நானும் அம்மாவும் தங்கச்சி வதனியும் இருந்தோம். அப்பா இல்லாத வீடு என்பதால், பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியராக ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்த நானே வீட்டுக்குப் பெரிய ஆள். மீன் குழம்பில் தலைத்துண்டு என்னுடையது. கை உள்ள ஒரே கதிரையும் என்னுடையது. பிறகு உடையார்கட்டிலிருந்து ஜெயந்தன் மாப்பிள்ளையாக வந்தான். எங்கள் வழக்கப்படி பெண் வீட்டிலேயே குடியிருந்தான். (நேரில் "வாங்கோ, இருங்கோ" என்றுதான் கதைப்பேன். மனத்துக்குள் அவன், இவன்தான். இங்கே மனத்துக்குள் இருந்ததையே எழுதுகிறேன்.) முதல் கிழமையே மீன் தலை அவனுடைய சாப்பாட்டுக் கோப்பைக்குப் போனது. கதிரை இரண்டாம் கிழமை போனது.

சைக்கிள் மட்டும்தான் எனக்கு மிச்சமாக இருந்தது. விளையாட்டுக் கழகப் போட்டியில் முரசுமோட்டை வரை போய்த் திரும்புகிற சைக்கிள் ஓட்டத்தில் மூன்று வருடம் தொடர்ந்து நான்தான் முதலாவது. என் இரும்புச் சைக்கிளைக் கண்டால் சின்னப் பிள்ளைகள் ஒதுங்கி வழிவிடுவார்கள். (பிரேக் பிடிக்காது என்பதும் ஒரு காரணம்.)

ஜெர்மனியில் இருந்த ஜெயந்தனின் அண்ணர், கலியாணத்துக்கு வர முடியாமல் போனவர், லீவு கிடைத்ததும் வந்தார். வரும்போது ஒரு பெரிய பெட்டியும் கொண்டுவந்தார். திறந்து, பாகங்களை ஒன்றோடொன்று பூட்டினால் கறுப்பு நிறத்தில் ஒரு சைக்கிள். அண்ணர் அதை ஒரு விரலில் தூக்கிக் காட்டினார். பிறகு ஊரில் இருந்த எல்லாரும் வரிசையாக வந்து ஒவ்வொரு விரலில் தூக்கிப் பார்த்தார்கள். நான் தூக்கவில்லை. எனக்கு அன்று தோட்டத்தில் வேலை இருந்ததாகச் சொன்னேன்.

"காபனாம் மாமி," என்றான் ஜெயந்தன்.

"காபன் எண்டால் கொப்பி எடுக்கிற நீலக் கடதாசியெல்லோ தம்பி?"

"அது வேற மாமி. இது இரும்பை விடப் பலம். அஞ்சு வருச வாரண்டியும் இருக்கு."

அம்மா வாசலை எட்டிப் பார்த்தா. "ஆர் வாறது?"

அம்மாவின் காதில் 'வாறன்டி' என்று விழுந்திருக்கிறது. உடைந்தால் கொம்பனியே புதிது தரும் என்று வதனி விளங்கப்படுத்தினாள். "உடையிற சாமானுக்குத்தானே அப்பிடிச் சொல்லுவாங்கள்," என்றேன் நான். யாரும் காதில் வாங்கவில்லை.

ஒரு நாள் காலை, பள்ளிக்கூடத்துக்கு நான் முழு மூச்சோடு மிதித்துப் போய்க்கொண்டிருந்தேன். ஜெயந்தன் பக்கத்தில் வந்து, "இண்டைக்கு வெயில் கூட, என்ன மச்சான்?" என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டு முன்னால் போய்விட்டான். அவனுக்கு மூச்சு வாங்கவில்லை. என்னால் பதில் சொல்ல முடியவில்லை, மூச்சு இருந்தால்தானே. பின்னால் வந்த என் மாணவர்கள் ஆறேழு பேர் அதைப் பார்த்தார்கள். அந்த நிமிடத்தில் எனக்குள் என்னவோ கறுத்துப்போனது.

அடுத்த சனிக்கிழமை அம்மா, முரசுமோட்டை மில்லில் குத்தக் குடுத்த அரிசியை எடுத்துவரச் சொன்னா. என் சைக்கிளில் காற்றுப் போயிருந்தது. ஜெயந்தன் உழவு மெசினோடு வயலுக்குப் போயிருந்தான். காபன் சைக்கிள் விறாந்தையில் நின்றது. ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். ஒட்டுப் போடுகிற சாமான்கள் எல்லாம் வீட்டில் இருந்தன.

கேட்காமல் எடுத்துக்கொண்டு போனேன். போகும்போது பறந்தேன். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. மூன்று வருடம் நான் வாங்கிய பெயர் என் கால்களால் அல்ல, மற்றவர்களிடம் நல்ல சைக்கிள் இல்லாததால் வந்தது என்று அந்தச் சைக்கிள் வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தது.

மில்லில் அரை மூட்டை அரிசி உரப்பையில் கட்டி இருந்தது. மில்காரர் சைக்கிளைச் சுற்றிப் பார்த்தார்.

"மாஸ்டர், இதில கரியர் இல்லையே. எங்க வைக்கிறது?"

"முன் பாரில வைச்சுக் கட்டுங்கோ. இரும்பை விடப் பலமாம்."

"பார் மெல்லிசா இருக்கே. பிறகு வந்து எடுங்கோவன்."

"நீங்கள் கட்டுங்கோ."

அவர் கட்டியது எனக்குப் போதவில்லை. பழைய டியூபில் கிழித்த கீலத்தை வாங்கி, மூட்டையில் காலை உதைத்துக்கொண்டு, மாட்டுக்கு மூக்கணாங்கயிறு இழுப்பதுபோல் இழுத்து நானே இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றினேன். அந்த நேரம் என் மனத்தில் அரிசி இல்லை. பார்ப்போம் உன் பலத்தை என்ற எண்ணம் மட்டும்தான். முழங்கால் இரண்டையும் வாத்துப்போல அகட்டி மிதித்தேன். ரோட்டில் மூன்றாவது கிடங்கில் விழுந்து எழும்பியபோது 'டக்' என்று ஒரு சத்தம். முருங்கைக் கொப்பு முறிகிறபோது கேட்குமே, அதே சத்தம்.

இறங்கிப் பார்த்தேன். பாரின் மேல்பக்கம் வாய் பிளந்தமாதிரி வெடித்திருந்தது. வெடித்த கூர் உரப்பையைக் கிழித்து, அரிசி சிந்தியிருந்தது. என்னுடைய முதல் உணர்வு பயமல்ல, சந்தோசம். அது இரண்டு விநாடி நீடித்தது. பிறகு வதனியின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. கலியாணமாகி ஆறு மாதம். மாப்பிள்ளையின் தமையன் தூக்கிவந்த பரிசை மச்சான்காரன் உடைத்தான் என்று உடையார்கட்டுக்குக் கதை போனால் அவள் எந்த முகத்தோடு அந்த வீட்டுப் படியேறுவாள்?

வெடிப்பைப் பெருவிரலால் அமத்தி மூடினேன். தள்ளிக்கொண்டு போனால் இன்னும் பிளக்குமோ என்ற பயத்தில், அரிசியை ஒரு தோளிலும் சைக்கிளை மறுதோளிலும் வைத்து நடந்தேன். அந்த நிலையிலும் சைக்கிள் பாரமே இல்லாமல் இருந்தது எரிச்சலாக இருந்தது. வீட்டுக்கு வந்து, துடைத்து, நின்ற இடத்திலேயே நிறுத்தி, ஒன்றும் தெரியாதவன்போல என் சைக்கிளுக்கு ஒட்டுப் போட உட்கார்ந்தேன்.

மறுநாள் காலை ஜெயந்தன் ஏறி இருந்தவுடன் 'கிறிக்' என்றது. இறங்கிப் பார்த்தவன், வெடிப்பைத் தடவிக்கொண்டு வெகு நேரம் குந்தியிருந்தான்.

"நான்தான் கிடங்கு பாராமல் ஓடிப்போட்டன் போல," என்றான். "அண்ணா எவ்வளவு ஆசையாக் கொண்டுவந்தவர்."

அம்மா உடனே குசினிக்குள் போய் உப்பும் மிளகாயும் எடுத்துவந்து அவனுக்குச் சுற்றிப் போட்டா. "ஊர்க் கண் பட்டிட்டுது தம்பி." அம்மா சொன்னது முழுப் பொய் என்று சொல்ல முடியாது. கண் யாருடையது என்பதில்தான் அவவுக்குத் தெளிவில்லை.

"வாரண்டி இருக்குத்தானே," என்றாள் வதனி. "அண்ணாதானே இங்கிலீஸ் மாஸ்டர். கடிதம் எழுதட்டும்."

இப்படியாக, உடைத்தவனே உடைந்த விதத்தை விவரித்து எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. ஜெர்மனிக்குத் திரும்பியிருந்த அண்ணர் போனில் சொன்னபடி, சைக்கிள் பிரேமை மட்டும் தனியாகக் கழற்றி ஒரு கடிதத்தோடு ஜெர்மனிக்கு அனுப்ப வேண்டும். மூன்று இரவு இருந்து எழுதினேன். ஐம்பத்தெட்டுக் கிலோ எடையுள்ள, அமைதியான சுபாவம் கொண்ட இளைஞர் ஒருவர், சமதளமான பாதையில், மெதுவாக ஓட்டிச் சென்றபோது சைக்கிள் தானாகவே வெடித்தது என்பது அதன் சாரம். என் ஆங்கில அறிவின் உச்சம் அது. பிரேமைக் கழற்றும்போது ஜெயந்தன், "உள்ளுக்குள்ள என்னவோ கிலுங்குது மச்சான்," என்றான். உடைந்த துண்டாக இருக்கும் என்றேன். நானும் அப்படித்தான் நம்பினேன்.

பார்சல் அனுப்ப வவுனியாவுக்குத்தான் போகவேண்டும். இருவரும் பஸ்ஸில் போனோம். ஓமந்தைச் சோதனைச்சாவடியில் இறங்கிச் சாமான்களை மேசையில் வைத்தோம். ஆமிக்காரர் ஒருவர் பிரேமைக் கையில் எடுத்தார். பாரமாக இருக்கும் என்று நினைத்து வேகமாகத் தூக்கியதில் அது அவர் தலைக்கு மேலே போய்விட்டது.

"இது என்ன?"

"சைக்கிள்," என்றேன்.

"சில்லு எங்க?"

"வீட்டில."

"ஹாண்டில்?"

"அதுவும் வீட்டில."

"அப்ப இது என்ன?"

நியாயமான கேள்வி. பதில் தெரியாமல் கடிதத்தை நீட்டினேன். ஆங்கிலம் தெரிந்த ஆமிப் பெரியவர் ஒருவர் வந்து அதை வாசித்தார். 'சமதளமான பாதை' என்ற இடத்தில் நிறுத்தி, என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கிளிநொச்சியில எங்க இருக்கு இந்த ரோட்டு? நாங்களும் பாக்கணும்."

பிறகு பிரேமைக் காதருகே வைத்து ஆட்டினார். கிலுங்கியது. அவருடைய முகம் மாறியது. சுற்றி நின்றவர்கள் இரண்டடி பின்னால் போனார்கள். அவர் மெல்ல, மிகக் கவனமாக, பிரேமைத் தலைகீழாகப் பிடித்தார். வெடிப்பின் வழியாக மேசையில் விழுந்தது அரிசி. முதலில் நாலு மணி, பிறகு ஒரு சின்னப் பிடி.

 பெரியவர் ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பார்த்தார்.

"நல்ல அரிசி," என்றார். "உங்கட சைக்கிள் சோறு தின்னுமா?"

வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். ஜெயந்தன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் அரிசியைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். மில்லில் இருந்து அந்தச் சனிக்கிழமை யார் அரிசி கொண்டுவந்தது என்பது அவனுக்குத் தெரியும். அன்று பகல் அவன் சாப்பிட்டதும் அந்த அரிசிதான்.

வவுனியாவில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் என் பக்கம் திரும்பினான்.

"ஏன் மச்சான் கேக்காமல் எடுத்தனீங்கள்? கேட்டிருந்தால் தந்திருப்பனே."

"அதுதான் பிரச்சினை," என்றேன். "நீங்கள் தந்திருப்பியள்."

அவனுக்கு விளங்கியதா தெரியாது. தலையை ஆட்டினான். "உடைஞ்சது உடைஞ்சு போச்சு. ஆனால் இந்தக் கடிதத்தை அனுப்பேலாது. சைக்கிள் வித்த ஜெர்மன் கடைக்காரரோட அண்ணா பழக்கம். பொய் சொன்னதெண்டு அண்ணாவுக்குப் பேர் வரக்கூடாது. உள்ளதை எழுதுங்கோ."

பார்சல் அனுப்புகிற கடையை ஒரு முஸ்லிம் நானா நடத்தினார், முல்லைத்தீவுப் பக்கத்து ஆள். அவரிடம் கடதாசி வாங்கி, அவருடைய மேசையிலேயே இருந்து எழுதினேன். கேட்காமல் எடுத்தது, அரிசி கட்டியது, காலால் உதைத்து இறுக்கியது எல்லாம் எழுதினேன். ஏன் செய்தேன் என்ற இடத்தில் பேனா நின்றது. பொறாமைக்கு ஆங்கிலத்தில் என்வி, ஜெலசி என்று இரண்டு சொல் உண்டு. எனக்கு இருந்தது அதில் எது என்று குழம்பி, நானாவிடம் விசயத்தைச் சொன்னேன்.

நானா பிரேமைத் தூக்கிப் பார்த்தார். வெடிப்பைப் பார்த்தார். "இதுக்கு ஒண்டு காணாது தம்பி. ரெண்டையும் போடுங்கோ," என்றார்.

இரண்டையும் போட்டேன்.

பதில் வர மூன்று மாதம் ஆனது. கொம்பனியின் கடிதம் ஒரே ஒரு வசனம். தானியம் ஏற்றியதால் வரும் சேதத்துக்கு வாரண்டி பொருந்தாது. ஆனால் ஜெர்மன் கடைக்காரர் என் கடிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடைச் சுவரில் கொழுவிவிட்டாராம். இருபது வருடத்தில் தன்னிடம் உண்மை எழுதிய முதல் வாடிக்கையாளர் நான்தான் என்று அண்ணரிடம் சொல்லி, காட்சிக்கு வைத்திருந்த புது பிரேம் ஒன்றைத் தன் பங்காகக் கொடுத்துவிட்டார். அது பழையதைவிட மெலிசு, பழையதைவிட வேகம், சிவப்பு நிறம் வேறு. ஆக, என் பொறாமையால் ஜெயந்தனுக்கு இன்னும் திறமான சைக்கிள் கிடைத்தது. அந்த வருடப் போட்டியில் அவன் முதலாவது. நான் நாலாவது. பரிசளிப்பில் அவனுக்கு மாலை போட்டதும் நான்தான், ஆசிரியர் என்ற முறையில்.

வதனி என்னோடு இரண்டு கிழமை கதைக்கவில்லை. அம்மா விசயத்தைக் கேட்டுவிட்டு, உப்பும் மிளகாயும் எடுத்து இந்த முறை என்னைச் சுற்றி, "இவன்ர கண் இவனுக்கே படாமல் இருக்கட்டும்," என்று அடுப்பில் போட்டா. நல்லாகவே வெடித்தது.

சில வருடங்களுக்குப் பிறகு மறுபடி சண்டை தொடங்கி, எல்லாரும் வீட்டை விட்டு நடக்க வேண்டி வந்தபோது சிவப்புச் சைக்கிள் விறாந்தையிலேயே நின்றுவிட்டது. என் இரும்புச் சைக்கிளில் அம்மாவை ஏற்றி, நானும் ஜெயந்தனும் மாறி மாறித் தள்ளினோம். அந்த நாட்களில் அவனைப் பார்த்து எனக்குப் பொறாமை வந்ததாக ஞாபகமில்லை. திரும்பி வந்தபோது சைக்கிள் இல்லை. ஆட்கள் இருந்தோம்.

கதை மட்டும் எங்கேயும் தொலையவில்லை. வதனியின் மகளுக்குப் போன வருடம் கலியாணம் பேசி, மாப்பிள்ளை வீட்டார் ஒரு புதுக் காரில் வந்து இறங்கினார்கள். ஜெயந்தன் என்னைத் தோளில் கைபோட்டு முன்னால் கூட்டிக்கொண்டு போனான்.

"இவர் வதனியின்ர தமையன். சைக்கிளுக்கு அரிசி தீத்தினவர்."

முழுக் கதையையும் சொல்லி முடிக்க அரை மணித்தியாலம் ஆனது. மாப்பிள்ளைப் பொடியன் மரியாதையாகச் சிரித்தான். நல்ல பிள்ளை, கெட்டிக்காரன். சிரித்துக்கொண்டே, மேசையில் சாவிக்கொத்தோடு வைத்திருந்த கார்த் திறப்பை எடுத்துத் தன் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டான்.